கம்பெனிக்கு ஆடிட்டரை நியமித்தல்

களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்த பின், மரக்காலால் அளப்பவனுக்கு அருகே நிலத்துக்குடையவன் நின்று கவனிப்பது நமது நாட்டு வழக்கம். அளப்பவனிடம் கொண்ட அவநம்பிக்கை இதற்குக் காரணமன்று. அளப்பவர் ஒருவரும் பார்ப்பவர் மற்றொருவருமாக இருந்தால், பிற்பாடு இருவருக்குமிடையே வழக்கு எழாது. நெற்குவியல் என்னும் பொருளைப் பெயரிலேயே கொண்ட நெற்குப்பையிலும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும் இம்முறை களத்தோடு நிற்கவில்லை. வியாபாரக் கணக்கிலும் அனுஷ்டிக்கப்பட்டு வந்தது.

நகரத்தார் இரங்கூன், பினாங்கு, கொழும்பு முதலிய இடங்களில் லேவாதேவி நடத்திய காலத்தில், முதலாளி பெரும்பாலும் சொந்த ஊரிலேயே இருப்பார். அக்கரைக் கடையை ஏஜெண்டு நடத்துவார். அவருடைய தவணை சாதாரணமாக மூன்று வருஷம். கடையில் குறிப்பும் பேரேடும் எழுதப்படும். ஐந்தொகை ஊருக்கு வந்து சேரும். கடையில் இல்லாத சொந்தக்காரருக்குக் கணக்கே கண்ணாக இருந்தது.

சொந்தக்காரர் ஒருவராயின் அவரே கணக்கைப் பார்த்துக்கொள்வார். பணம் பலருடையதாயின் பார்ப்பவர் யார்? சென்னையில் புகழுடன் விளங்கிய அர்பத்நாட் கம்பெனி 1906-ஆம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி முறிந்தபோது, சிறுகச் சிறுகச் சேர்த்து அதில் போட்டு வைத்த குடும்பங்கள் பல கதியற்று நின்றன. அது சில பாகஸ்தர்களின் கூட்டு வியாபாரம். பங்குதாரர் கூடி நியமிக்கும் கணக்குப் பரிசோதகருக்கு அதில் இடமே இல்லை. அதன் தலைவர் பின்னர் தண்டனை பெற்றார். ஆனால் தண்டனை கிடைப்பதனால் போட்ட பணம் திரும்பி வந்துவிடுவதில்லை.

1913-ஆம் வருஷத்து இந்தியக் கம்பெனிச் சட்டம், ஒவ்வொரு கம்பெனியும் வருஷாந்தப் பொதுக்கூட்டத்தில் ஆடிட்டரை நியமிக்க வேண்டுமென்று விதித்தது. 1949-ல் சார்ட்டர்ட் அக்கௌண்டண்டுகளுக்கெனத் தனிச் சட்டமும் ஸ்தாபனமும் ஏற்பட்டன. இப்பொழுது அமலிலிருக்கும் 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி அவர்களே கம்பெனி ஆடிட்டராக இருக்கத் தகுந்தவர்கள்.

இது பட்டணத்துக் காரியம் என்று விவசாயிகள் எண்ணிவிடலாகாது. 2002-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் விவசாயிகளும் உற்பத்தியாளர் கம்பெனி அமைக்க வழி பிறந்தது. 2020-ல் தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டத்தில், அங்கத்தினர் செலுத்தும் பங்குத் தொகைக்குச் சமமாக, ஒருவருக்கு 2,000 ரூபாய் வரையிலும், ஒரு கம்பெனிக்கு 15 லட்சம் ரூபாய் வரையிலும் மானியமளிக்க ஏற்பாடாயிற்று. 500 பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு முழு மானியமும் பெற்றால் கம்பெனியின் முதல் 20 லட்சமாகும். அதை நிர்வகிப்போர் சில டைரக்டர்கள்; உடையவர்கள் 500 பேர். அக்கரைக் கடை முதலாளியைப் போலவே இவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கடையில் இருப்பவரல்லர்.

புதுக் கம்பெனி ரிஜிஸ்தர் ஆன 30 நாட்களுக்குள் டைரக்டர்கள் முதல் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். அவர்கள் தவறினால் அங்கத்தினர் அடுத்த 90 நாட்களுக்குள் விசேஷக் கூட்டத்தில் நியமிக்கலாம். முதல் ஆடிட்டரின் பதவி முதலாவது வருஷாந்தப் பொதுக்கூட்டம் முடியும் வரைதான். அக்கூட்டத்தில் அங்கத்தினர் நியமிக்கும் ஆடிட்டரோ ஆறாவது வருஷாந்தப் பொதுக்கூட்டம் முடியும் வரை இருப்பார்.

இங்கேதான் விவசாயிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். உற்பத்தியாளர் கம்பெனியின் முதலாவது வருஷாந்தப் பொதுக்கூட்டம் ரிஜிஸ்தர் ஆன 90 நாட்களுக்குள் கூட வேண்டும். அப்பொழுது கொள்முதல் தொடங்கியிருக்காது. ஒருவரையொருவர் நன்கு அறிந்துமிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில், எவரோ சொன்ன பெயருக்குக் கையைத் தூக்கிவிட்டால், அதன் பலன் ஐந்து வருஷம் தொடரும். ஆகவே முதற் கூட்டத்துக்குப் போகாமலிருப்பது பெரும் பிழையாகும்.

கூட்டத்துக்கு 14 நாட்களுக்குக் குறையாமல் நோட்டீசு கொடுக்க வேண்டும். ஆடிட்டர் நியமனத் தீர்மானத்தின் நகலும் அதனுடன் வர வேண்டும். அந்த நாட்களில் பின்வருவனவற்றை விசாரித்துக்கொள்வது நலம். அவர் கம்பெனியின் உத்தியோகஸ்தரோ, உத்தியோகஸ்தரின் கூட்டாளியோ ஆகலாகாது. கம்பெனியில் பங்கு வைத்திருக்கலாகாது. 5 லட்சம் ரூபாய்க்கு மேல் அதற்குக் கடன்பட்டிருக்கலாகாது. அவருடைய உறவினர் டைரக்டராக இருத்தலும் கூடாது. முக்கியமாக, கம்பெனிக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவரே அதன் ஆடிட்டராக இருத்தல் சட்ட விரோதம். அளப்பவனே பார்ப்பவனுமானால் களத்தில் பார்ப்பவன் இல்லை என்றே பொருள். உற்பத்தியாளர் கம்பெனிக்கு விதிக்கப்பட்ட உள் தணிக்கையையும் வேறொரு சார்ட்டர்ட் அக்கௌண்டண்டே செய்ய வேண்டும்.

தகுதியானவரிடம் சம்மதமும் அத்தாட்சியும் எழுத்து மூலம் முன்னதாகவே பெற வேண்டும். நியமித்த 15 நாட்களுக்குள் கம்பெனி ரிஜிஸ்திராருக்கு அறிவிக்க வேண்டும். ஆடிட்டர் கண்டிப்பானவர் என்பதற்காக டைரக்டர்கள் தாமே அவரை விலக்கிவிட முடியாது. தவணைக்கு முன் விலக்க வேண்டுமானால் மத்திய சர்க்காரின் முன் அனுமதியும், பொதுக்கூட்டத்தில் நாலில் மூன்று பங்கு வாக்கும் வேண்டும்.

உற்பத்தியாளர் கம்பெனியின் ஆடிட்டர் சில விஷயங்களைத் தனியே எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர். வரவேண்டிய கடன்களும் அவற்றுள் வராக் கடன்களும் எவ்வளவு, கையிருப்பு ரொக்கம் சரியா, டைரக்டர்களுக்குக் கடன் கொடுக்கப்பட்டதா, நன்கொடை போனதா, சட்டத்துக்கு மாறான காரியம் நடந்ததா என்பவை அவற்றுள் அடங்கும். அங்கத்தினர் அறிக்கையின் கடைசித் தொகையை மட்டும் கேட்டு எழுந்துவிடாமல், இவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுத்தறியாத அங்கத்தினருக்குக் கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விதிகளை எடுத்துச் சொல்வது பெரிய உபகாரமாகும்.

நேர்மையான டைரக்டருக்கு ஆடிட்டர் பகைவரல்லர். நஷ்டம் வந்த வருஷத்தில், அது விலை வீழ்ச்சியால் வந்ததேயன்றிக் கையாடலால் வந்ததன்று என்று ஊரறியச் சொல்லக்கூடிய சாட்சி அவரே. களத்தில் நிற்க நேரமுள்ள விவசாயி, வருஷத்துக்கொரு நாள் தன் கம்பெனியின் பொதுக்கூட்டத்திலும் சென்று நிற்பாராக.