நிறுத்தினாலும் நிற்காத சிம்னி

இரவு பத்து மணி. வடை சுட்ட வாசனை அடங்கிவிட்டது, அடுப்பும் ஆறிவிட்டது. சிம்னி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானைத் தொட்டால் ‘பீப்’ என்றது, விளக்கு அணைந்தது, விசிறி நிற்கவில்லை. “விடிய விடிய இப்படித்தான் கத்துமா?” என்றார் அம்மா. ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அலமாரிக்குள் இருந்த பிளக் பாயிண்ட் சுவிட்சை அணைத்த பிறகுதான் வீடு அமைதியானது.

இந்தக் கோளாறுக்கு முதல் வைத்தியம் அதுதான். அந்தச் சுவிட்ச் எங்கே என்று பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. மரவேலை அதை மறைத்திருக்கும். கைக்கு எட்டாவிட்டால் சமையலறைக்கான எம்சிபியை இறக்கிவிடலாம். 230 வோல்ட் இணைப்பைத் துண்டிக்காமல் மூடியில் கைவைக்கவே கூடாது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுக்கவில்லை. “ஆஃப் பண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தார். “பீப் வருது. டிக் வரலை.” பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது.

‘பீப்’ வராவிட்டால்

பொத்தானைத் தொட்டும் சத்தமே வராவிட்டால் சந்தேகம் முகப்புப் பலகையின் மேல் விழ வேண்டும். டச் பேனல் விரலை எடைபோடுவதில்லை. விரல் அருகே வரும்போது கண்ணாடிக்குப் பின்னாலுள்ள தகட்டின் மின்தேக்குத்திறன் சற்றே மாறும், அதைத்தான் கவனிக்கிறது. மின்புலத்துக்கு ஈடுகொடுப்பதில் தண்ணீர் வெற்றிடத்தைவிட ஏறத்தாழ 80 மடங்கு. சமையல் எண்ணெய் 3 மடங்குதான். ஆகவே பேனலை ஏமாற்றுவது பெரும்பாலும் எண்ணெய் அல்ல. இட்லிப் பானை ஆவி படிந்த ஈரம்தான் விரல்போல நடிக்கும்.

எண்ணெய் வேறு வழியில் வேலையைக் காட்டும். சூரியகாந்தி எண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். அவை காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நாளடைவில் வார்னிஷ் போலப் பிசினாகும். தேங்காயெண்ணெயில் அத்தகைய பிணைப்புகள் மிகக் குறைவு. அது அவ்வளவு எளிதில் இறுகாது. இந்தப் பிசின் அழுத்துபொத்தானின் இடுக்கில் இறங்கினால், அழுத்திய பொத்தான் மீண்டு வராது. கையசைத்தால் இயங்கும் மாடல்களில், அகச்சிவப்பு ஒளி கையில் பட்டுத் திரும்புவதைத்தான் உணரி எதிர்பார்த்திருக்கும். அதன் சிறு ஜன்னலில் பிசுக்கு படிந்தால் ஒளி அங்கேயே சிதறித் திரும்பி, இல்லாத கையைக் காட்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பு தொட்ட ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும்.

சில நேரம் பழுதே இருக்காது. மிச்சப் புகையை இழுக்கச் சில நிமிடம் தாமதமாக நிற்கும்படி அமைத்த மாடல்கள் உண்டு. அடுப்புச் சூடு அளவு மீறினால் தானே ஓடி, ஆறிய பிறகே நிற்பவையும் உண்டு. கையேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

‘டிக்’ வராவிட்டால்

எங்கள் வீட்டில் நடந்தது இந்த இரண்டும் இல்லை. பேனல் கட்டளையை ஏற்றுக்கொண்டது. அதை நிறைவேற்ற வேண்டியது நகரவில்லை. அதன் பெயர் ரிலே, சர்க்கரைக் கட்டி அளவில் ஒரு நீலப் பெட்டி. உள்ளே ஒரு கம்பிச்சுருள், ஓர் இரும்புத் தகடு, ஒரு ஸ்பிரிங், வெள்ளிக் கலவையாலான இரு தொடுமுனைகள். சுருளில் 12 வோல்ட் பாய்ந்தால் தகடு இழுபட்டு முனைகள் ஒட்டும். நின்றால் ஸ்பிரிங் பிரித்துவிடும். அந்த அசைவின் ஓசைதான் ‘டிக்’.

மோட்டாரும் ஒரு கம்பிச்சுருள்தான். சுருளில் ஓடும் மின்சாரம் சட்டென்று நிற்க ஒப்பாது. முனைகள் பிரியும் கணத்தில் காற்றையே பாதையாக்கிப் பொறியாகப் பாயும். நம் மின்சாரம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால், வழக்கமாக அந்தப் பொறி நூறில் ஒரு வினாடிக்குள் அவிந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வெள்ளி கொஞ்சம் கருகிக் குழிவிழும். மோட்டாரைப் போடும்போது நடப்பது அதைவிட மோசம். ஓட்ட மின்சாரத்தைப்போலப் பல மடங்கு ஒரேயடியாகப் பாய, முனைகள் துள்ளித் துள்ளி ஒட்டும். வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். பொறியின் வெப்பம் பல்லாயிரம் டிகிரி. உருகிய புள்ளியில் முனைகள் அமர்ந்து உறைந்தால், வெல்டிங் வைத்ததுபோலத்தான். ஸ்பிரிங்கின் பலம் அதற்குப் போதாது.

பிரிக்கும்போது எழும் இந்தப் பொறியை, நீண்ட கம்பிச் சுற்றுகளைத் துண்டித்துப் பார்த்துக் கவனித்து, 1832இல் எழுதியவர் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி. தன்மின்தூண்டலின் அலகுக்கு ‘ஹென்றி’ என்று பெயர் வந்தது அதனால்தான். ரிலேயின் முன்னோடியை 1835 வாக்கில் பிரின்ஸ்டனில் செய்துகாட்டியவரும் அவரே. தொலைவிலிருந்து ஒரு சிறு மின்காந்தத்தை இயக்கி, பெரிய மின்காந்தத்தின் சுற்றைத் திறந்து, அது தூக்கிப் பிடித்திருந்த எடையைத் தரையில் விழவைப்பார். அவர் கண்ட பொறி, அவர் செய்த கருவியையே பற்றவைத்ததுதான் எங்கள் சிம்னியின் கதை.

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் நீலப் பெட்டியை லேசாகத் தட்டினார். ‘டிக்’. “இது நாலு நாளைக்குத்தான் சார், திரும்ப ஒட்டிக்கும்” என்று சொல்லி, ரிலேயைப் போர்டிலிருந்து பிரித்தெடுத்து உடைத்துக் காட்டினார். முனைகளில் ஒன்றில் கரும்பள்ளம், இன்னொன்றில் அதற்குப் பொருந்தும் மேடு. புது ரிலேவுக்குச் சில பத்து ரூபாய்தான் ஆனது. வாரண்டி முடிந்த சிம்னிக்கு முழு போர்டையும் மாற்றச் சொன்னால், ரிலேயை மட்டும் மாற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

இப்போதெல்லாம் அம்மா சிம்னியை அணைத்துவிட்டு உடனே நகர்வதில்லை. ‘டிக்’ கேட்ட பிறகுதான் சமையலறை விளக்கை அணைக்கிறார்.