உலர்ந்த பெயின்ற் எல்லாம் உறுதியான பெயின்ற் அல்ல

குளிர் நாடுகளில் வாழும் எம்மவருள் வீட்டுச் சுவர்களுக்குத் தாமே பெயின்ற் பூசுவோர் பலர். அதனையே தொழிலாகக் கொண்டோரும் உளர். குளிர்நாளொன்றில் பூசப்பட்ட சுவர் மறுநாட் காலையில் உலர்ந்ததாகவே தோன்றும். ஆயினும், பின்னர் மெல்லிய வெடிப்புகள் தென்படும். ஈரத்துணியால் துடைத்தால் நிறமும் துணியோடு வரும். பூசியவரின் கைத்திறனிற் குறை காண்பதே வழமை. ஆனால் பல வேளைகளில் குற்றவாளி வெப்பநிலையே. பெயின்றுக்குள் நடப்பதைச் சற்று நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும்.

இன்று வீட்டுச் சுவர்களுக்குப் பூசப்படும் பெயின்றுகளிற் பெரும்பாலானவை நீரை அடிப்படையாகக் கொண்டவை. அந்நீரில் பொலிமர் எனப்படும் பல்பகுதியத்தின் நுண்ணிய துணிக்கைகள் மிதக்கின்றன. இலங்கையின் தோட்டங்களில் இறப்பர் மரத்திலிருந்து வடியும் பாலும் இவ்வாறான அமைப்பை உடையதே. லேற்றெக்ஸ் என்னும் பெயர் இரண்டிற்கும் பொதுவாய் வழங்குவது இதனாற்றான். ஒரு துணிக்கையின் குறுக்களவு பொதுவாக ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அதற்குள் நீண்ட சங்கிலிகளைப் போன்ற மூலக்கூறுகள் சுருண்டு கிடக்கின்றன.

பூச்சு மூன்று படிகளில் உருவாகின்றது. முதலில் நீர் ஆவியாகித் துணிக்கைகள் நெருங்குகின்றன. அடுத்து அவை நசுங்கி, தேன்வதையின் அறைகளைப் போல இடைவெளியின்றி ஒட்டிக்கொள்கின்றன. மூன்றாவதாக, ஒரு துணிக்கையின் சங்கிலிகள் எல்லையைக் கடந்து அயற் துணிக்கைக்குள் புகுந்து பின்னிக்கொள்கின்றன. பரவல் எனப்படும் இம்மூன்றாவது படியே பூச்சுக்கு வலிமை தருகின்றது. அது நிகழாவிடின், சாந்தின்றி அடுக்கிய கற்சுவரின் நிலையே பெயின்றுக்கும் நேரும். கைக்கு உலர்ந்து தோன்றுவது நீர் போய்விட்டதை மட்டுமே காட்டும்; சங்கிலிகள் பின்னிக்கொண்டதைக் காட்டாது.

நீர் குளிரிலும் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். சங்கிலிகளோ அவ்வாறல்ல. ஒவ்வொரு பல்பகுதியத்துக்கும் கண்ணாடிநிலை வெப்பநிலை என ஒன்று உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடி போல விறைத்திருக்கும். மேலே சென்றால் இளகும். 1955இல் வில்லியம்ஸ், லாண்டெல், பெரி என்னும் மூவர் வெளியிட்ட சமன்பாட்டின்படி, அந்த வெப்பநிலைக்குச் சற்று மேலான எல்லையில் பத்துப் பாகை செல்சியஸ் குறைந்தாற் சங்கிலிகளின் அசைவு நூறு மடங்குக்கும் மேலாக மந்தமடையலாம். ஒரு நாளில் முடியவேண்டிய வேலை மாதக்கணக்கில் இழுபடுவது இதனாலேயே.

சங்கிலிகள் எவ்வாறு நகர்கின்றன என்பதை 1971இல் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பியெர் ஜில் டி ஜென். நெருக்கமான புதருக்குள் பாம்பு நெளிந்து செல்வதுபோல அவை நகர்கின்றன என்றார் அவர். 1991இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. துணிக்கைகளின் எல்லையைச் சங்கிலிகள் கடப்பதை 1986இல் ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எவ். நிறுவன ஆய்வாளர்கள் நியூத்திரன் கற்றைகளின் துணைகொண்டு காட்டினர். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மிற்செல் வின்னிக்கும் அவரது குழுவினரும் வேறு வழியைக் கையாண்டனர். துணிக்கைகளில் ஒரு பகுதிக்கு ஒருவகைச் சாயமும் மறுபகுதிக்கு இன்னொரு வகைச் சாயமும் இணைத்தனர். சங்கிலிகள் கலந்து இரு சாயங்களும் அண்மிக்கும்போது ஒன்றின் ஒளிச்சக்தி மற்றொன்றுக்குத் தாவும். அதனை அளந்து, வெப்பம் ஏற ஏறப் பரவல் விரைவுறுவதைத் துல்லியமாகக் கணித்தனர்.

குளிரை வெல்ல உற்பத்தியாளர் பெயின்றில் இளக்கித் திரவங்களைச் சேர்ப்பதுண்டு. அவை சங்கிலிகளைத் தற்காலிகமாக மென்மையாக்கிப் பின் ஆவியாகிவிடும். எனினும் அவ்வாவி உள்ளறைக் காற்றையும் சுற்றுச்சூழலையும் மாசுபடுத்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுப் பணிப்புரையின்படி, உட்சுவர்களுக்கான மங்கற் பெயின்றில் எளிதில் ஆவியாகும் சேதனப் பொருட்கள் 2010 முதல் லீற்றருக்கு 30 கிராமுக்கு மேற்படலாகாது. தொடக்கத்திலேயே மென்மையான பல்பகுதியத்தைப் பயன்படுத்தலாமெனின், அத்தகைய பூச்சு பிசுபிசுத்துத் தூசியைப் பற்றிக்கொள்ளும்.

ஆகவே பூசுவோர் கவனிக்கவேண்டியவை சில உள. பேணியில் அச்சிடப்பட்டுள்ள மிகக்குறைந்த வெப்பநிலை வெறும் சம்பிரதாயமன்று. அறையின் காற்றை மட்டுமன்றிச் சுவரின் வெப்பநிலையையும் பார்த்தல் வேண்டும்; வெளிப்புறச் சுவர் அறையை விடக் குளிர்ந்திருக்கும். பூசி முடித்ததும் வெப்பமூட்டியை நிறுத்திவிட்டுச் செல்லலாகாது. சங்கிலிகள் பின்னிக்கொள்வது அதன் பின்னரே. புதுப்பூச்சைச் சில வாரங்களுக்குத் தேய்த்துக் கழுவாதிருத்தலும் நன்று.

முப்பது பாகை வெயிலில் எமது ஊரிற் பூசியவர்களுக்கு இக்கவலை எழுந்ததில்லை. ஞாயிறே அவ்வேலையைச் செய்து முடித்தது. இங்கு அதனை நாமே செய்யவேண்டியுள்ளது. ஒரே நாளில் முடித்துத் தருமாறு அவசரப்படுத்தும் முதலாளிக்கு எம்மவர் தயங்காது எடுத்துக்கூறக்கூடிய நியாயம் இது.