தார் ரோட்டை ஆராய்வதும் ஒரு வேலைதான்

சிவில் முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் நம் பகுதியில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. இரண்டு வருடம் சைட்டில் அனுபவம், பிறகு துபாய் அல்லது சவூதி. அதைக் குறை சொல்ல மாட்டோம். பல வீடுகளில் அடுப்பு எரிவதே அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் சிவில் என்றால் கட்டடம் மட்டும்தான் என்று பெற்றோர்கள் நினைத்துவிடக் கூடாது. அந்தப் படிப்புக்குள் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. அது தார் சாலை ஆராய்ச்சி.

தார் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது இன்று உண்மையில் பிட்டுமின். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கறுப்புப் பசை. நிலக்கரியிலிருந்து வரும் பழைய தார் வேறு. சாலைக் கலவையின் எடையில் பிட்டுமின் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்குதான். மீதியெல்லாம் ஜல்லியும் கல்தூளும். அந்த ஐந்து பங்கு கொஞ்சம் கூடினால் வெயிலில் பசை மேலே கசிந்து செருப்பில் ஒட்டும், லாரி போன தடம் பள்ளமாகப் பதியும். கொஞ்சம் குறைந்தால் சாலை வெடித்து ஜல்லி பெயரும். சரியான அளவு எது என்ற கேள்விக்கே பல பொறியாளர்கள் தங்கள் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஹ்வீம். 1927-ல் ஒரு சாலைப் பணிக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அந்தக் காலத்தில் எண்ணெய் போதுமா என்பதைக் கலவையின் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்வார்கள். சரியான பழுப்பு நிறம் வந்துவிட்டால் போதும். அனுபவசாலிகளுக்கு அது கைவந்த கலை. ஹ்வீமுக்கு அந்த அனுபவம் இல்லை. அதனால் கண்ணை நம்பாமல் அளந்து பார்க்கத் தொடங்கினார்.

அவர் கண்டதை நம் வீட்டுப் பெண்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு கிலோ கறியைப் பெரிய துண்டுகளாகப் போட்டால் கொஞ்சம் மசாலாவே பூசப் போதும். அதே ஒரு கிலோவைச் சின்னச் சின்னதாக நறுக்கினால் கூடுதல் மசாலா வேண்டும். எடை ஒன்றுதான், ஆனால் மசாலா பூச வேண்டிய பரப்பு கூடிவிடுகிறது. ஜல்லியும் அப்படியே. பொடி அதிகமுள்ள கலவைக்கு எண்ணெயும் அதிகம் வேண்டும். 1930-களின் தொடக்கத்திலேயே இதைக் கணக்காக்கி, எண்ணெய் அளவைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை உருவாக்கிவிட்டார்.

அதோடு அவர் நிற்கவில்லை. எண்ணெய் அளவு சரியாக இருந்தும் சில சாலைகள் லாரியின் பாரத்தில் பிதுங்கின. உருண்டைக் கற்கள் வழுக்கும், உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று கவ்விப் பிடிக்கும். இதை அளக்க ஒரு கருவி செய்தார். கலவையை மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் எவ்வளவு அழுத்தம் போகிறது என்று அது காட்டும். ஸ்டெபிலோமீட்டர் என்று பெயர். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் பல அவருடைய முறையைப் பல பத்தாண்டுகள் பின்பற்றின. இத்தனைக்கும் அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்ல. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு நம் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடக் கூடாது. இன்று அந்த வாசல் பட்டம் இல்லாமல் திறக்காது.

ஏறத்தாழ அதே காலத்தில் மிசிசிப்பி மாநிலத்தில் புரூஸ் மார்ஷல் என்ற பொறியாளர் இதைவிட எளிய சோதனை ஒன்றை வகுத்தார். இரண்டாம் உலகப் போரின்போது கனரக விமானங்கள் இறங்கும் ஓடுதளங்களுக்காக அமெரிக்க ராணுவம் அதை எடுத்து மேம்படுத்தியது. அது உலகம் முழுக்கப் பரவியது. இன்று நம் நாட்டு நெடுஞ்சாலைப் பணியிடத்தில் உள்ள ஆய்வுக்கூடத்திலும் கலவையை அச்சில் இட்டு இருபுறமும் 75 முறை இடித்து, 60 டிகிரி வெந்நீரில் வைத்து, நசுக்கிப் பார்க்கிறார்கள். அதுதான் மார்ஷல் சோதனை.

ஹ்வீம் பிறகு இன்னொரு கேள்வியைக் கிளப்பினார். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல, சக்கரங்கள் ஏறி ஏறி வளைவதால்தான் சாலை வெடிக்கிறதா? 1955-ல் அவர் இதைப் பற்றி எழுதினார். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1951-லிருந்து ஆசிரியராக இருந்த கார்ல் மோனிஸ்மித், இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். சாலைக் கலவையில் சிறு விட்டம் போல ஒரு துண்டு வெட்டி, நொடிக்குப் பத்து முறை வளைப்பார்கள். அதன் விறைப்பு பாதியாகக் குறையும்வரை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் லாங் பீச் துறைமுகத்து லாரிகள் ஓயாமல் ஓடும் நெடுஞ்சாலையை 2003-ல் புதுப்பித்தபோது இந்த ஆய்வுதான் கைகொடுத்தது. வார இறுதிகளில் 55 மணி நேரம் மட்டும் சாலையை மூடி, 30 ஆண்டுகள் தாங்கும்படி திட்டமிட்டு வேலையை முடித்தார்கள். 1987-ல் அமெரிக்கா ஐந்தாண்டு சாலை ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கி அதற்கு 15 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 5 கோடி இந்தக் கறுப்புப் பசைக்காகவே. பசை எந்த வெப்பம் வரை தாங்கும், எந்தக் குளிர் வரை வெடிக்காது என்று தரம் பிரிக்கும் முறை அதிலிருந்து வந்ததுதான். வளைகுடா நாடுகளில் சாலை வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் 'பிஜி 76' என்று எழுதிய சீட்டைப் பார்த்திருக்கலாம். அந்த 76, சாலையின் வெப்பநிலையைக் குறிக்கும் எண்.

வேலை சுகமானது என்று சொல்ல மாட்டோம். பசையை 150 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும், வாடை சட்டையை விட்டுப் போகாது. ஒரு முடிவு தெரிய மாதக்கணக்கில் ஆகும். பொறுமை உள்ள, கணக்கில் பிடிப்புள்ள பிள்ளைக்கே இது பொருந்தும். பெரும்பகுதி ஆய்வுக்கூடத்திலும் கணினியிலும் நடப்பதால், சைட் வேலை வேண்டாம் என்று சிவில் படித்த மகளை வீட்டில் வைத்திருக்கும் அத்தாமார்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வழி இதுதான். பி.இ. சிவில் இறுதியாண்டுக்குள் கேட் தேர்வுக்குத் தயாராக வேண்டும். பிறகு போக்குவரத்துப் பொறியியலில் முதுநிலைப் படிப்பு. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. இரண்டிலும் இருக்கிறது. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். வட்டிக் கடனுக்குப் பயந்து மேற்படிப்பை விட்டுவிடும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். முனைவர் பட்டத்துக்கு இப்போதைய மத்திய அரசு ஆராய்ச்சி உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. ஆனால் அதை முடிக்க நான்கைந்து வருடம் ஆகும், அதுவரை வீடு பொறுத்துக்கொள்ள வேண்டும். தங்கைக்குக் கல்யாணம் நிற்கிறது என்ற நிலையில் உள்ள பிள்ளை எம்.டெக். முடித்ததும் வேலைக்குப் போய்விடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

டெல்லியில் 1952-லிருந்து இயங்கும் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய் நிறுவனங்களின் ஆய்வு மையங்கள், கல்லூரிகள், பெரிய சாலை ஒப்பந்தக்காரர்களின் தரக் கட்டுப்பாட்டுக் கூடங்கள் ஆகியவை இவர்களுக்கு வேலை தரும் இடங்கள். வளைகுடாவுக்கே போனாலும் மெட்டீரியல்ஸ் இன்ஜினியர் என்ற பொறுப்பில் போகலாம். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். மூன்றாம் ஆண்டு சிவில் படிக்கும் பிள்ளைகள் இப்போதே புத்தகத்தை எடுத்தால் நேரம் சரியாக இருக்கும்.