உயர்தர வடிவமைப்பு ஆடைகளின் அளவெண்கள்

உயர்தர வடிவமைப்பு ஆடைகளின் அளவெண் என்பது இத்தாலி, பிரான்சு, பிரித்தானியா முதலிய நாடுகளின் புகழ்பெற்ற ஆடை நிறுவனங்கள் தம் ஆயத்த ஆடைகளின் உட்புறப் பட்டியில் அச்சிடும் எண்ணையோ எழுத்தையோ குறிக்கும். பெண்கள் ஆடைகளில் இவ்வெண் உடலின் நேரடி அளவு அன்று. அது அந்தந்த நாட்டு வழக்கத்தில் நிலைபெற்றுவிட்ட ஒரு குறியீடு மட்டுமே.

இதைப் புரிந்துகொள்ள 40 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இத்தாலிய முறையில் 40 என்பது மெலிந்த உடலுக்கான சிறிய அளவு. பிரெஞ்சு முறையில் 40 அதைவிட இரண்டு படி பெரியது. செருமானிய முறையில் 40 இன்னும் ஒரு படி பெரியது. எந்த நாட்டு எண் என்று பார்க்காமல் 40 என்று தேர்ந்தெடுப்பவருக்கு மூன்று வெவ்வேறு அளவுகளில் ஒன்று வந்து சேரும். இவ்வகை ஆடை ஒன்றின் விலை பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டக்கூடியது. எனவே அளவைச் சரியாகத் தெரிந்துகொள்வது பணத்தையும் மன வருத்தத்தையும் மிச்சப்படுத்தும்.

வரலாறு

ஆயத்த ஆடைகள் பரவுவதற்கு முன் ஆடைக்கு அளவெண் தேவைப்படவில்லை. ஆடை உடுத்துபவரை அளந்தே தைக்கப்பட்டது. இங்கிலாந்தில் பிறந்த சார்லசு பிரெடரிக் வொர்த் 1858-இல் பாரிசில் தொடங்கிய ஆடையகம் உயர்தர ஆடை வடிவமைப்புத் தொழிலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 'ஓட் கூத்யூர்' எனப்படும் அந்த மரபில் இன்றும் ஒவ்வோர் ஆடையும் வாங்குபவரின் உடலை அளந்து, பலமுறை உடுத்திப் பார்த்துத் தைக்கப்படுகிறது.

நிலையான அளவுகளில் மொத்தமாகத் தைக்கும் முறை படைவீரர் சீருடைகளால் வளர்ந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஏராளமான சீருடைகள் சில குறிப்பிட்ட அளவுகளில் தைக்கப்பட்டன. ஆண்களின் ஆடைக்கு மார்பளவை அடிப்படையாகக் கொள்ளும் வழக்கம் இதனால் வலுப்பட்டது.

பெண்களின் ஆடை அளவு இவ்வளவு எளிதாக அமையவில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை 1939, 1940 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுக்கப்பட்டன. அதன் முடிவுகள் 1941-இல் வெளியாயின. ஆனால் வெள்ளையினப் பெண்களின் அளவுகளே கணக்கில் கொள்ளப்பட்டதால் அந்த ஆய்வு எல்லோரையும் குறிப்பதாக இல்லை. அதன் அடிப்படையில் 1958-இல் ஒரு வணிகத் தரம் வெளியிடப்பட்டது. நிறுவனங்கள் அதை முழுமையாகப் பின்பற்றவில்லை; 1983-இல் அது கைவிடப்பட்டது.

1966-இல் பாரிசில் ஈவ் சான் லோரான் 'ரிவ் கோஷ்' என்ற பெயரில் ஆயத்த ஆடைக் கடையைத் திறந்தார். புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் ஆடையைக் கடையில் உடனே வாங்கிச் செல்லலாம் என்ற நிலை இதன்பின் பரவியது. அளந்து தைக்கும் ஆடை கைக்கு எட்டாதவர்களுக்கும் அந்த ஆடைகள் கிடைத்தன. அதே வேளையில், தம் உடலுக்கு எந்த எண் பொருந்தும் என்று கண்டறியும் பொறுப்பும் வாங்குபவரிடம் வந்து சேர்ந்தது.

நாடுகளின் அளவெண்கள்

பெண்கள் ஆடைகளுக்குப் பொதுவாகப் பயன்படும் ஒப்பீடு பின்வருமாறு:

இத்தாலி 38 – பிரான்சு 34 – செருமனி 32 – பிரித்தானியா 6 – அமெரிக்கா 2
இத்தாலி 40 – பிரான்சு 36 – செருமனி 34 – பிரித்தானியா 8 – அமெரிக்கா 4
இத்தாலி 42 – பிரான்சு 38 – செருமனி 36 – பிரித்தானியா 10 – அமெரிக்கா 6
இத்தாலி 44 – பிரான்சு 40 – செருமனி 38 – பிரித்தானியா 12 – அமெரிக்கா 8
இத்தாலி 46 – பிரான்சு 42 – செருமனி 40 – பிரித்தானியா 14 – அமெரிக்கா 10

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இத்தாலிய எண்ணிலிருந்து 4 கழித்தால் பிரெஞ்சு எண் வரும். பிரெஞ்சு எண்ணிலிருந்து 2 கழித்தால் செருமானிய எண் வரும். பிரித்தானிய எண்ணிலிருந்து 4 கழித்தால் அமெரிக்க எண் வரும். சப்பானில் 7, 9, 11 என ஒற்றைப்படை எண்களும், தென்கொரியாவில் 44, 55, 66 போன்ற எண்களும் வழக்கில் உள்ளன.

பிராடா, குச்சி, வெர்சாச்சே, மேக்சு மாரா போன்ற இத்தாலிய நிறுவனங்கள் இத்தாலிய எண்ணைப் பயன்படுத்துகின்றன. ஷனேல், டியோர், சான் லோரான் போன்றவை பிரெஞ்சு எண்ணைப் பயன்படுத்துகின்றன. ஆனால் நிறுவனத்தின் நாட்டை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. அலெக்சாண்டர் மெக்குயீன் பிரித்தானிய நிறுவனம். அதன் பெண்கள் ஆடைகளில் இத்தாலிய எண்ணே காணப்படும். 'ஐரோப்பிய அளவு' என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால் அது பிரெஞ்சு எண்ணா, செருமானிய எண்ணா என்று கேட்டுத் தெளிவது நல்லது.

இக்குழப்பத்தைத் தீர்க்க ஐரோப்பாவில் 2001 முதல் பல பகுதிகளாக 'இஎன் 13402' என்ற தரம் வெளியிடப்பட்டது. உடலின் அளவுகளைச் சென்டிமீட்டரில், ஒரு சிறிய மனித உருவப் படத்துடன் பட்டியில் அச்சிட வேண்டும் என்பது அதன் கருத்து. அது கட்டாயம் இல்லாததால் பழைய எண்கள் இன்றும் தொடர்கின்றன.

ஆண்களின் கோட்டு அளவு

ஆண்களின் கோட்டு எண்ணுக்கு நேரடிப் பொருள் உண்டு. இத்தாலிய எண் என்பது சென்டிமீட்டரில் மார்பளவின் பாதி. மார்பளவு 100 செ.மீ. என்றால் எண் 50. பிரித்தானிய, அமெரிக்க எண் என்பது அங்குலத்தில் முழு மார்பளவு. ஓர் அங்குலம் 2.54 செ.மீ. என்பதால் 40 அங்குலம் 101.6 செ.மீ. ஆகும். ஆகவே இத்தாலிய 50-உம் பிரித்தானிய 40-உம் ஏறத்தாழ ஒன்றே. இத்தாலிய எண்ணில் 10 கழித்தால் போதும்.

முழு சூட்டாக வாங்கும்போது 'டிராப்' என்ற சொல்லையும் காணலாம். இது பாதி மார்பளவுக்கும் பாதி இடையளவுக்கும் உள்ள வேறுபாடு. 50 அளவில் டிராப் 7 என்றால், 50-இல் 7 போக 43. அதன் இரு மடங்கு 86. அதாவது கால்சட்டை 86 செ.மீ. இடைக்கானது. வயிறு சற்றுப் பெரிதாக உள்ளவர்களுக்கு டிராப் எண் குறைவான சூட்டு பொருந்தும்.

ஒரே எண் ஏன் ஒரே அளவாக இருப்பதில்லை

ஒரே நாட்டு எண்ணைக் கொண்ட இரண்டு நிறுவனங்களின் ஆடைகளும் வேறுபடலாம். இதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலாவது, மாதிரி உடல். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு மாதிரி உடலை வைத்து முதல் ஆடையை வெட்டுகிறது. மற்ற அளவுகள் அதைப் படிப்படியாகக் கூட்டியும் குறைத்தும் பெறப்படுகின்றன. அந்த மாதிரி உடலின் தோளும் இடையும் எப்படியோ, அப்படியே எல்லா அளவுகளும் அமையும்.

இரண்டாவது, தளர்வு. நெய்த துணியில் தைத்த ஆடை உடலளவைவிடப் பெரிதாக இருந்தால்தான் மூச்சு விடவும் கையைத் தூக்கவும் முடியும். தையற்காரர்கள் 'லூசு விடுவது' என்பது இதைத்தான். வடிவமைப்பாளர் அழகுக்காக இதற்கு மேலும் தளர்வு சேர்க்கலாம். வேண்டுமென்றே தொளதொளவென்று வெட்டிய மேலங்கியை நம் அளவு இல்லை என்று எண்ணிச் சிறியதாக வாங்கினால் அதன் வடிவமே கெட்டுவிடும்.

மூன்றாவது, துணி. இலாசுட்டேன் இழை சிறிதளவு கலந்த துணி இழுத்தால் நீளும். தூய பருத்தி, பட்டு, கம்பளி நெசவுகள் அவ்வாறு நீள்வதில்லை. பின்னலாடை உடலோடு ஒட்டி நிற்கும்.

நான்காவது, பெருமைக்காக எண்ணைக் குறைத்தல். சிறிய எண் பொருந்தினால் வாங்குபவர் மகிழ்வார் என்பதற்காகச் சில நிறுவனங்கள், குறிப்பாக அமெரிக்காவில், பெரிய ஆடைக்குச் சிறிய எண்ணை இட்டு வந்துள்ளன. இதனால் பல பத்தாண்டுகளுக்கு முந்திய ஆடையில் உள்ள எண், இன்றைய அதே எண்ணைவிடச் சிறிய உடலுக்கே பொருந்தும். பழைய ஆடைகளைக் கைமாற்றாக வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

உடலை அளக்கும் முறை

அளவு நாடாவைச் சென்டிமீட்டர் பக்கமாகப் பிடித்து, மெல்லிய உள்ளாடை மேல் அளக்க வேண்டும். நாடா தரைக்கு இணையாக, இறுக்காமலும் தொய்யாமலும் இருக்க வேண்டும். வேறொருவர் அளந்தால் பிழை குறையும்.

மார்பு: மார்பின் மிக அகலமான பகுதியைச் சுற்றி அளப்பது.
இடை: உடலைப் பக்கவாட்டில் சாய்க்கும்போது மடிப்பு விழும் இடம். பலர் கால்சட்டை கட்டும் இடத்தை இடை என்று எண்ணி அளக்கின்றனர். அது பெரும்பாலும் இடைக்குக் கீழே இருக்கும்.
இடுப்பு: பின்புறத்தின் மிக அகலமான பகுதி. தையற்காரர்கள் இதைச் 'சீட்' என்பர்.
தோள்: ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு முனைவரை, முதுகுப் பக்கமாக அளப்பது.
கால் உட்புற நீளம்: தொடை சேரும் இடத்திலிருந்து கணுக்கால் வரை.

அட்டவணையைப் படிக்கும் முறை

முதலில் அந்த அட்டவணை உடலின் அளவைத் தருகிறதா, தைத்த ஆடையின் அளவைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். உடலளவு 86 செ.மீ. உள்ளவருக்கான ஆடையின் சுற்றளவு 94 செ.மீ. இருக்கலாம், அந்த 8 செ.மீ. தளர்வு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் தவறான அளவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஓர் அட்டவணையில் 42 என்பதற்கு மார்பு 86, இடை 68, இடுப்பு 94 என்றும், 44 என்பதற்கு மார்பு 90, இடை 72, இடுப்பு 98 என்றும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பெண்ணின் அளவு மார்பு 86, இடை 72, இடுப்பு 98. இவருக்கு எந்த எண் பொருந்தும்? இடுப்பின் மேலே முடியும் குட்டையான மேற்சட்டைக்கு மார்பும் தோளும் முதன்மையானவை, 42 போதும். கால்சட்டைக்கும் ஒட்டிய பாவாடைக்கும் இடுப்பு முதன்மையானது, 44 வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே உடையாக, உடலோடு ஒட்டி வெட்டியிருந்தால் 44 வாங்கி மார்புப் பகுதியைப் பிடித்துத் தைக்கலாம். எனவே ஒருவருக்கு ஒரே எண் என்பது இல்லை. ஆடையின் வகைக்கேற்ப எண் மாறும்.

இணையத்தில் வாங்கும்போது

உடுத்திப் பார்க்க முடியாதபோது, நமக்கு நன்கு பொருந்தும் ஓர் ஆடையே சிறந்த அளவுகோல். அதைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்று கிடைக்கும். அதை, வாங்க நினைக்கும் ஆடையின் அளவோடு ஒப்பிடலாம். விற்பனைப் பக்கத்தில் படத்திலுள்ள பெண்ணின் உயரமும் அவர் உடுத்திய எண்ணும் தரப்பட்டிருந்தால், நீளத்தைக் கணிக்க அது உதவும். அவர் நம்மைவிட 15 செ.மீ. உயரமாக இருந்தால், அவருக்கு முழங்கால் வரை நிற்கும் உடை நமக்கு அதைவிடக் கீழே இறங்கும்.

பணம் கட்டும் முன், திருப்பி அனுப்பும் விதிகளைப் படிக்க வேண்டும். எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும், செலவு யாருடையது, தள்ளுபடியில் வாங்கியதைத் திருப்பலாமா, வெளிநாட்டிலிருந்து வந்ததானால் கட்டிய சுங்க வரி என்னவாகும் என்ற நான்கையும் பார்க்க வேண்டும். ஆடை பொருந்துகிறது என்று உறுதியாகும்வரை அதில் தொங்கும் அட்டையைக் கழற்றக் கூடாது.

திருத்தித் தைத்தல்

இரண்டு அளவுகளுக்கு இடையில் இருப்பவர் பெரியதை வாங்குவதே பெரும்பாலும் நல்லது. பெரியதைப் பிடித்துத் தைக்கலாம். சிறியதைப் பிரித்து விடுவதற்கு உள்ளே துணி இருக்க வேண்டும். கால்சட்டையின் நீளம், பாவாடையின் கீழ்மடிப்பு, இடை ஆகியவற்றை எளிதாகத் திருத்தலாம். தோளைத் திருத்துவது கடினம். கையைப் பிரித்து மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும். எனவே கோட்டு வாங்கும்போது தோள் பொருந்துகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கைமுனையில் உண்மையான பொத்தான் துளைகள் இருந்தால் கீழிருந்து கையைக் குறைக்க முடியாது. தோலாடையில் தையலைப் பிரித்தால் ஊசித் துளை மறையாது. மணிவேலை செய்த துணியிலும் மடிப்பு வைத்த துணியிலும் திருத்தச் செலவு கூடும்.

இந்திய அளவு ஆய்வு

மேற்கூறிய எண்கள் எல்லாம் பிற நாட்டு உடல்களை வைத்து உருவானவை. இந்தியாவுக்கெனத் தனி அளவு முறையை உருவாக்க, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொள்ளும் 'இந்தியாசைசு' என்ற திட்டம் 2018-இல் அறிவிக்கப்பட்டது. ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளப்பது அதன் நோக்கம்.

எண்ணும் உடலும்

கடையில் ஓர் ஆடை பொருந்தாமல் போகும்போது பலரும், குறிப்பாக இளம்பெண்கள், தம் உடலைக் குறை சொல்லிக்கொள்கின்றனர். இதுவரை பார்த்தவற்றிலிருந்து, குறை உடலில் இல்லை என்பது விளங்கும். ஒரு மாதிரி உடலை வைத்து வெட்டிய துணி இன்னோர் உடலுக்கு அப்படியே பொருந்தாதது இயல்பு. ஒரே பெண் ஒரே நாளில் ஒரு கடையில் 38, அடுத்த கடையில் 42, இன்னொரு கடையில் 10 என்ற எண்ணை உடுத்தக்கூடும். அவர் உடல் மாறவில்லை. பட்டியில் உள்ளது அளவெண். அது மதிப்பெண் அன்று. உடுத்தியபின் அதை யாரும் பார்ப்பதில்லை. கையைத் தூக்கவும், உட்காரவும், நடக்கவும் இடைஞ்சல் இல்லையென்றால் அதுவே சரியான அளவு.