ஆறு எலிக்கு எத்தனை கிராம் மீன்?

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வள்ளம் கரைக்கு வந்தால் பூனைகளும் வந்துவிடும். மீன் வெட்டும்போது விழும் தலையும் குடலும் பச்சையாகவே அவற்றுக்குக் கிடைக்கும். வீட்டுப் பூனைக்கும் தீவுப்பகுதியில் மீன்தான் முதல் உணவு. எவ்வளவு வைப்பது? கருத்தடை செய்த 3 கிலோப் பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 190 கலோரி போதும். பத்து வாரக் குட்டி ஒன்று ஏறக்குறைய 1 கிலோ இருக்கும். அதற்கு வேண்டியது 175 கலோரி. உடம்பு மூன்றில் ஒரு பங்குதான், சாப்பாடோ கிட்டத்தட்டச் சமம்!

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? எடை இரட்டித்தால் பசி இரட்டிப்பதில்லை. உயிர்கள் ஓய்வில் எரிக்கும் சக்தி, எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பவே கூடுகிறது என்று 1932இல் மக்ஸ் கிளைபர் காட்டினார். முக்கால் அடுக்கு என்றதும் மலைக்க வேண்டாம், கைத்தொலைபேசிக் கணிப்பான் போதும். எடையை மூன்று தடவை பெருக்குங்கள்: 3 × 3 × 3 = 27. வர்க்கமூலத்தை இரண்டு தடவை எடுங்கள்: 2.28. அதை 70ஆல் பெருக்கினால் 160. இது சும்மா படுத்திருப்பதற்கான கலோரி. நடமாட்டத்துக்காக 1.2ஆல் பெருக்க 190 வந்துவிடும். குட்டியோ எலும்பு, தசை, மூளை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டுகிறது. அதற்கு 2.5ஆல் பெருக்க வேண்டும்.

இனிக் கலோரியைக் கிராமாக்கலாம். கொஞ்சம் தோலும் கொழுப்பும் சேர்ந்த கோழி இறைச்சி 100 கிராமில் சுமார் 150 கலோரி உண்டு. பெரிய பூனைக்கு 125 கிராம், குட்டிக்கு 115 கிராம். குட்டியின் வேகத்தில் 60 கிலோ மனிதர் ஒருவர் சாப்பிட்டால் நாளுக்கு 7 கிலோ உள்ளே போகும்! கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன் என்றால் 100 கிராமில் 90 கலோரிதான். குட்டி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்ன வேண்டிவரும். அதன் வயிறு அவ்வளவு பெரிதில்லை. அதனால்தான் குட்டிக்குக் கொழுப்புள்ள உணவு, அதுவும் நாளுக்கு நான்கு வேளை.

இயற்கை இந்தக் கணக்கை எலிக்குள் மடித்து வைத்திருக்கிறது. சுண்டெலி ஒன்றில் சுமார் 30 கலோரி. ஆறு எலி பிடித்தால் ஒரு நாள் தீர்ந்தது. எலியோடு எலும்பும் ஈரலும் இதயமும் வருகின்றன. வெறும் சதையில் வருவதில்லை. பூனைக்குக் கல்சியமும் பொசுபரசும் ஏறத்தாழச் சம அளவில் வேண்டும். எலும்பு நீக்கிய இறைச்சியில் பொசுபரசு கல்சியத்தைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். இதையே தின்னும் குட்டி, பற்றாத கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவும். கால் வளையும், எலும்பு முறியும். ஒரு கிலோ எலும்பில்லா இறைச்சிக்கு நன்றாக அரைத்த முட்டைக்கோது ஒரு மட்டத் தேக்கரண்டி சேர்த்தால் இந்தக் குறை தீரும். ஈரலும் வேண்டும், ஆனால் 100க்கு 5 பங்குக்கு மேல் வேண்டாம். அதிலுள்ள விற்றமின் ஏ மிஞ்சினால் கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும்.

தீவுக்காரர் கவனிக்க வேண்டிய இடம் மீன். சூடை, சாளை சேர்ந்த குடும்பத்து மீன்கள் பலவற்றில் தயமினேசு என்ற நொதியம் இருக்கிறது. விற்றமின் பி1ஐச் சிதைப்பதே அதன் வேலை. குடலில் அது இன்னும் அதிகம். நாம் பூனைக்கு எறிவதும் குடலைத்தான்! நாளாந்தம் இதையே தின்ற பூனை தலை தொங்கி, வலிப்பு வந்து விழலாம். அவித்தால் தயமினேசு அழிந்துவிடும். ஆனால் அவிக்கும்போது டோரின் என்ற அமினோ அமிலம் தண்ணீருக்குள் கரைந்துபோகும். பூனையால் டோரினைப் போதிய அளவு தானே உண்டாக்க முடியாது. அது குறைந்தால் விழித்திரை கெடும். இதயம் வீங்கித் தளரும் என்பது 1987இல் கலிபோர்னியாவில் உறுதியானது. தீர்வு எளிது: உப்புப் போடாமல் அவித்த தண்ணீரையும் மீனோடு பிசைந்து வையுங்கள். சோற்றிலும் பருப்பிலும் டோரின் இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி ஒரு நாளோடு போகும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா போல விரதம் நாட்கணக்கில் நீளும் வீடுகளில் பூனைக்குத் தனிச் சட்டி வைப்பதே நியாயம்.

கோழியைப் பச்சையாக வைப்பவர்கள் இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். ஆழ் உறைநிலை ஒட்டுண்ணிகள் பலவற்றைக் கொல்லும், சல்மனெல்லாவைக் கொல்லாது. கையையும் பாத்திரத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பூனைக்கு வேண்டிய தண்ணீரும் பெரும்பாலும் இந்த உணவு அளவுக்குள்ளேயே அடங்கும். மீனில் முக்கால் பங்கு தண்ணீர். ஆறு எலிக்கு ஈடான 200 கிராம் தின்றால் 150 மில்லிலீற்றர் கணக்கில் சேர்ந்துவிடும். பூனையின் மூதாதை பாலை நிலத்து ஆபிரிக்கக் காட்டுப்பூனை. அதனிடமிருந்து வந்த சிறுநீரகம் கடல்நீரைவிட உப்புக் கூடிய சிறுநீரைப் பிரிக்க வல்லது. பூனைகள் கடல்நீரைக் குடித்தே நீரிழப்பைச் சமாளிக்கும் என்று 1959இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கிணறுகள் பலவும் உவராகிப்போன நெடுந்தீவில் பூனை வாழ்வதில் வியப்பில்லை. ஆனாலும் வளரும் குட்டிக்கு நல்ல தண்ணீர் எந்நேரமும் பக்கத்தில் இருக்கட்டும். குட்டியின் எடை வாரத்துக்குச் சுமார் 100 கிராம் கூடும். சமையல் தராசில் நிறுத்து, வாரம் ஒரு தடவை கணக்கைத் திரும்பப் போடுங்கள்.