தங்கைக்குத் தெரியும் சிவப்பு, அண்ணனுக்குத் தெரியாது

கோஸ்டாரிகாவின் சான்டா ரோசா காட்டில் வெள்ளைமுகக் கப்புச்சின் குரங்குகள் வாழ்கின்றன. இலைகளுக்கு நடுவே சிவந்து நிற்கும் பழத்தைச் சில பெண் குரங்குகள் சட்டென்று கண்டுகொள்ளும். ஆண்களுக்கு அந்தச் சிவப்பும் இலைப் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தேகமான அத்திப்பழத்தை அவை முகர்ந்து பார்த்தே முடிவு செய்கின்றன.

காரணம், ஒரே ஒரு மரபணு. விழித்திரையின் கூம்பு செல்களில் நீல ஒளிக்கான நிறமி எல்லாக் கப்புச்சின்களுக்கும் உண்டு. பச்சை, சிவப்புப் பக்கத்து ஒளியை உணரும் நிறமிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதற்கு மூன்று வடிவங்கள். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், ஆகவே ஒரு வடிவம்தான் கிடைக்கும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். தாயிடமிருந்து ஒரு வடிவமும் தகப்பனிடமிருந்து வேறொன்றும் வந்துவிட்டால் யோகம்தான். ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் அடங்கிவிடுவதால், சில கூம்புகளில் ஒரு நிறமியும் மற்றவற்றில் இன்னொன்றும் உருவாகும். நீலத்தோடு சேர்த்து மூன்று நிறமி! இரண்டு எக்ஸிலும் ஒரே வடிவம் வந்த பெண்ணுக்கு அண்ணன் தம்பிகளின் பார்வையே வாய்க்கும்.

நம் ஊர் நாட்டுக் குரங்குகளில் இந்தப் பாகுபாடு இல்லை. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளின் மூதாதையிடம் இந்த மரபணு இரட்டித்து, ஒரே எக்ஸில் இரண்டும் அமர்ந்துவிட்டன. நமக்கும் அதே வழியில் வந்த கண்தான்.

அப்படியானால் கப்புச்சின் ஆண்களின் பார்வையைச் சரிசெய்ய முடியுமா? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைட்ஸ் தம்பதியின் குழு, இதே அமைப்புக் கொண்ட அணில் குரங்குகளில் அதை முயன்று பார்த்தது. டால்ட்டன், சேம் என்ற இரண்டு ஆண் குரங்குகளின் விழித்திரைக்குள், வைரஸ் ஒன்றின் மூலம் மனிதச் சிவப்பு நிறமியின் மரபணுவைச் செலுத்தினார்கள். பிறகு நடந்த சோதனையில், சாம்பல் புள்ளிகளுக்கிடையே நிறத் திட்டைக் கண்டுபிடித்துத் திரையைத் தொட்டால் திராட்சைச் சாறு கிடைக்கும். சுமார் ஐந்து மாதத்தில், முன்பு தவறவிட்ட நிறங்களை அவை தொடத் தொடங்கின. 2009இல் வெளியான இந்த முடிவு அசாத்தியமானது: வளர்ந்த மூளையும் புதிய நிறத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது!

ஆனாலும் காட்டில் இரு நிறமிப் பார்வையைக் குறைபாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று நிறமி உள்ள பெண்கள் சில பழங்களை வேகமாகத் தின்கின்றன என்று ஆய்வாளர் அமாண்டா மெலின் குழு 2017இல் காட்டியது உண்மைதான். அதே மெலின், அதே சான்டா ரோசாவில் அதற்கு முன்பே இன்னொன்றையும் கவனித்திருந்தார். பட்டையோடும் இலையோடும் ஒன்றிக் கிடக்கும் பூச்சிகளைப் பிடிப்பதில், அதுவும் மங்கிய நிழலில், இரு நிறமிக் குரங்குகளே கெட்டி. நிறம் குழப்பாதபோது பூச்சியின் வடிவம் கண்ணில் பட்டுவிடுகிறது.