கொள்ளைநோய்க் காலத்தில் பரிசற் பயணம்

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக் கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம் இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டில் அந்நாள் ஆகஸ்டு 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அம்மாதத்தில் ஞாயிறுதோறும் மாநிலமெங்கும் முழு ஊரடங்கு இருந்தமையால், படித்துறையில் மஞ்சள் குங்குமத்தோடு ஒருவரைக்கூட நாம் காணவில்லை. ஆறு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பரிசல்கள் கரைமேற் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அருகே அமர்ந்திருந்த முதிய பரிசலோட்டி ஒருவர், “ஐயா, வீட்டுக்குள் அடைந்து கிடந்தாலல்லவா நோய்? நட்டாற்றில் அடிக்கிற காற்றில் நோய் எங்கே தங்கும்?” என்று கேட்டார். அவருக்கு விடை கூற அன்று நம்மால் இயலவில்லை. மேலிடத்து உத்தரவு என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அவர் கூறியதில் பெரும்பகுதி உண்மை என்பதைப் பின்னர் அறிந்தோம். விடுபட்ட சிறு பகுதியில்தான் ஆபத்து முழுவதும் இருந்தது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

“கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே, இப்பொழுது இதற்கு என்ன அவசரம்?” என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். அந்நோய் குறித்த உலகளாவிய அவசர நிலை முடிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்தது மெய்யே. ஆனால் பன்றிக் காய்ச்சல் உலகைச் சுற்றி வந்தது 2009-இல். கொரோனா வந்தது 2020-இல். இடையே பதினோராண்டுகளே கழிந்தன. அடுத்தது எப்பொழுது வரும் என்று சோதிடம் கூற நாம் முற்படவில்லை. வந்தபின் யோசிப்பதற்கு நேரம் கிடைக்காது என்பதை மட்டும் 2020 மார்ச்சு மாதம் நமக்கு உணர்த்தியது.

நோய் எவ்வழியிற் பரவுகிறது என்பதைத் தெரிந்துகொண்டாலன்றித் தடுப்பு முறைகள் யாவும் சடங்காகவே முடியும். நம் பாட்டனார் காலத்தில் ஆற்றங்கரைத் திருவிழா என்றால் சுகாதார இலாகாவினர் அஞ்சியது வாந்திபேதிக்கு. அது நீரினால் பரவுவது. நோயாளியின் கழிவு கலந்த நீரைக் குடித்தவரைப் பற்றுவது. ஆகவே கிணற்றுக்குக் குளோரின் இட்டதும், குடிநீரைக் காய்ச்சச் சொன்னதும் சரியான வைத்தியமே. கொரோனா அத்தகையதன்று. அது நோயாளியின் மூச்சிலும், பேச்சிலும், இருமலிலும் வெளிப்படும் நுண்துளிகளால் பரவுவது. மூடிய இடத்தில் அந்நுண்துளிகள் புகைபோல் தேங்கி நிற்கின்றன. திறந்த வெளியில் காற்று அவற்றைக் கலைத்துவிடுகிறது. ஓடும் ஆற்றுநீர் அதனைப் பரப்புவதில்லை. இது புரியாமல் 2020-இல் படித்துறைகளுக்கும், மரத்தடிகளுக்கும், சில இடங்களில் மனிதர்கள் மீதுங்கூட மருந்து தெளிக்கப்பட்டது. மனிதர்மீது தெளிப்பது தீங்கானது என்று உலகச் சுகாதார நிறுவனம் அவ்வாண்டே எச்சரித்தது. படித்துறைக்குப் பிளீச்சிங் பவுடர் தூவச் செய்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அப்படியாயின் ஆற்றுப் பயணத்தில் ஆபத்து எங்கே இருக்கிறது? சீன நாட்டின் செஜியாங் மாகாணத்தில் 2020 ஜனவரியில் நடந்த ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். ஒரு வழிபாட்டுக்காக 128 பேர் இரண்டு பேருந்துகளில் சென்றனர். ஒன்றில் 60 பேர்; மற்றொன்றில் 68 பேர். இரண்டாவது பேருந்தில் நோயுற்ற ஒருவர் இருந்தார். உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழலவிடும் குளிர்சாதனம் அதில் இயங்கியது. அவரோடு சேர்த்து அப்பேருந்தினரில் 24 பேருக்கு நோய் கண்டது. முதற்பேருந்தில் ஒருவருக்குமில்லை. இரு பேருந்தினரும் சென்று வழிபட்டது ஒரே இடத்தில்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஒகேனக்கல்லுக்கோ வேறொரு பரிசல் துறைக்கோ வருகின்ற கூட்டத்தை இக்கண்கொண்டு பாருங்கள். மூன்று குடும்பத்தார் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, கண்ணாடிகளை இறக்காமல், நான்கு மணி நேரம் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் வருகிறார்கள். சீட்டு வாங்குமிடத்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். தகரம் வேய்ந்த உடைமாற்றும் அறையில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் நுழைகிறார்கள். வறுத்த மீனைத் தாழ்ந்த கூரையின் கீழ் நெருங்கி அமர்ந்து உண்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே பரிசலில் கழியும் நேரம் மிகச் சிறிது. மேற்சொன்ன நாள் முழுவதிலும் தூய காற்று வீசும் இடம் அந்தப் பரிசல் ஒன்றே எனலாம். நாமோ பரிசலை நிறுத்தினோம். வேனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆதலால் பஞ்சாயத்தின் கவனம் முதலிற் செல்ல வேண்டியது கரைக்கு. உடைமாற்றும் அறைக்குக் கூரை வேண்டா; ஆளுயரத் தட்டி மறைப்பு நான்கு புறமும் இருந்தாற் போதும். சீட்டு வழங்குமிடம் சுவருக்குள் இராமல் மரத்தடி மேசையாக இருக்கட்டும். குடும்பத்துக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு நேரம் என்று குறித்துக் கொடுத்தால் வரிசையே உண்டாகாது. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பந்தலின் பக்கத் தடுப்புகளை எடுத்துவிட வேண்டும். வேனில் வருவோருக்குக் கூறத்தக்கது ஒன்றே: கண்ணாடிகளை இறக்குங்கள், குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். இதற்காகும் செலவு, ஒரு மூட்டைப் பிளீச்சிங் பவுடரின் விலைக்கும் குறைவே.

இனிப் பரிசலுக்கு வருவோம். அப்பொழுது ‘ஆறடி இடைவெளி’ என்று எங்கும் எழுதி வைத்தோம். பரிசலின் குறுக்களவே ஏறக்குறைய ஏழடிதான். வட்டமாக அமர்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். எடையும் சமமாகப் பரவியிருக்க வேண்டும்; இடைவெளி விடுவதற்காக ஒருவர் ஓரத்துக்கு நகர்ந்தால் பரிசல் சாயும். எனவே இங்கே ஆறடிக் கணக்கு செல்லாது. அதற்கு மாற்று, ஒரு பரிசலில் ஒரு வீட்டார் மட்டும் என்பதே. ஒரே வீட்டில் உண்டு உறங்குபவர்கள் பரிசலில் அருகருகே அமர்வதால் புதிதாக வரும் தீங்கு ஒன்றுமில்லை. இருவரே வந்தாலும் இருவரோடு புறப்பட வேண்டும். இடம் காலியாக இருக்கிறதே என்று அயலாரை ஏற்றலாகாது. அந்நாட்களில் வாடகையை ஆள்கணக்கில் வாங்காமல் பரிசல் கணக்கில் வாங்கினால், இருவரை ஏற்றிச் செல்வதில் பரிசலோட்டிக்கும் மனக்குறை இராது.

பரிசலில் காக்கப்பட வேண்டியவர் பயணியினும் பரிசலோட்டியே. பயணி ஒரு பரிசலில் ஒருமுறை ஏறுகிறார். பரிசலோட்டியோ காலை முதல் மாலை வரை பத்து வீட்டாரோடு முகத்துக்கு முகம் பழகுகிறார். கரையில் பேரம் பேசும்பொழுதும், கைகொடுத்து ஏற்றும்பொழுதும், நீர் தெறிக்காத பகுதியிலும் அவரும் பயணிகளும் முகக்கவசம் அணியலாம். பாறைகளினூடே நீர் வாரியடிக்கும் இடத்தை அணுகுமுன் அதனைக் கழற்றிவிட வேண்டும். நனைந்த துணி மூக்கில் ஒட்டிக்கொண்டால் மூச்சுத் திணறும். கவிழ்ந்தவன் முகத்தில் ஈரக் கவசம் இருப்பது நோயினும் கொடியது.

பயணிகளை மகிழ்விக்கப் பரிசலைப் பம்பரம்போல் சுழற்றும் வழக்கம் ஒன்றுண்டு. அப்பொழுது குழந்தைகள் மட்டுமல்லாது பெரியவர்களும் கூக்குரலிடுவார்கள். மெல்லப் பேசும்பொழுது வெளிப்படுவதைக் காட்டிலும் கத்தும்பொழுதும் பாடும்பொழுதும் நுண்துளிகள் பன்மடங்கு மிகுதியாக வெளிப்படுகின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச்சு 10-ஆம் தேதி இரண்டரை மணி நேரப் பாட்டுப் பயிற்சிக்கு ஓர் அறையிற் கூடிய 61 பேரில், நோயுற்ற ஒருவரிடமிருந்து 52 பேருக்கு அது தொற்றியதாகக் கணக்கிட்டனர், இருவர் மாண்டனர். அது அறை, இது ஆறு என்பது உண்மைதான். எனினும் சுழலும் பரிசலில் எல்லோரும் வாய்திறந்து கத்துவது பரிசலோட்டியின் முகத்துக்கு இரண்டடித் தூரத்தில் அல்லவா? கொள்ளைநோய் இல்லாத காலத்திலுங்கூட இந்தச் சுழற்றல் நமக்கு உடன்பாடன்று.

இங்கே நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறோம். நோய்க்கு அஞ்சி ஆற்றை மறந்துவிடலாகாது. தடை தளர்ந்தபின் பரிசல் ஏற வந்தவர்களிற் சிலர், லைப் ஜாக்கெட் எனப்படும் உயிர்காப்பு அங்கியை வாங்க மறுத்ததை நாம் கண்ணாரக் கண்டோம். “யார் போட்டுக் கழற்றியதோ, வியர்வை பட்டிருக்கிறதே” என்பது அவர்கள் கூறிய காரணம். அச்சம் இயல்பானதே, கணக்குத்தான் தவறு. பொருள்களைத் தொடுவதால் இந்நோய் பற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று 2021-இல் அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் தெளிவுபடுத்தினர். பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது அவர்களுடைய மதிப்பு. அங்கியின்றிச் சுழலில் விழுபவனுடைய நிலையைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கேரளத்துத் தானூரில் சுற்றுலாப் படகொன்று அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்று கவிழ்ந்தது. 22 பேர் இறந்தனர். அவர்களுட் பலர் சிறுவர்கள். அது நடந்த நாள் 2023 மே 7. கொள்ளைநோயின் அவசர நிலை நீங்கியதாக உலகம் பெருமூச்சு விட்ட மூன்றாம் நாள் அது.

எனவே அங்கி அணியாதவருக்குப் பரிசல் இல்லை என்ற விதியை எந்த நோய் வந்தாலும் தளர்த்தலாகாது. அங்கியைத் தூய்மையாக வைத்துப் பயணியின் அருவருப்பைப் போக்குவதே பஞ்சாயத்தின் வேலை. மாலைதோறும் சவர்க்கார நீரில் தோய்த்து, நல்ல நீரில் அலசி, நிழலில் கொடியிற் காயவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்தால் துணியும் பட்டைகளும் நைந்துபோகும். பார்வைக்குப் புதிதாக இருக்கும் அங்கி இழுக்கும்பொழுது அறுந்துவிடும். கடும் வெயிலும் அதற்கு ஆகாது. இரவில் காய்ந்தும் காயாமலும் இருப்பதை மறுநாள் எவரும் அணிய மாட்டார் என்பதால் இரண்டு தொகுதிகள் வாங்கி, நாள் மாற்றி நாள் வழங்குவது நன்று. பரிசலுக்கு நான்கு பயணிகள் வீதம் இருபது பரிசல்கள் ஓடும் துறைக்கு எண்பதும் எண்பதுமாக 160 வேண்டும். பரிசலோட்டிகளுக்குரியவை தனி, அவரவர் அங்கியில் அவரவர் பெயர் எழுதி வைக்கலாம். துவைக்கும் பணியை மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் கூலிக்கு ஒப்படைத்தால் இருசாராருக்கும் பயன் உண்டு.

நீரில் மூழ்கியவரைக் கரையேற்றிய பின் நடக்க வேண்டியதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மூழ்கியவருடைய இதயம் நிற்பது மூச்சுக் காற்றின்மையால். ஆகவே மார்பை அழுத்துவதோடு மூச்சும் ஊதியாக வேண்டும்; முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்பது கணக்கு. கொள்ளைநோய்க் காலத்தில் அயலார் வாயோடு வாய் வைக்கத் தயங்குவர். அதைக் குறைகூறுவதற்கில்லை. கையால் அமுக்கி மூச்சு செலுத்தும் பை ஒன்றைத் துறையில் வாங்கி வைத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கொண்டு நான்கைந்து பரிசலோட்டிகளுக்குப் பயிற்சியளித்தல் வேண்டும். பை இல்லாவிடில், உடன்வந்த வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்து ஊதச் செய்யலாம்; அவர்கள் அவரோடு ஏற்கெனவே ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள்தாமே. 108-ஐ அழைப்பதற்கு ஒருவர் தனியே ஓட வேண்டும்.

நோய் மும்முரமாயிருக்கும்பொழுது அரசு துறையை மூடச் சொன்னால் மூடியே ஆக வேண்டும். நீர்வரத்து பெருகும்பொழுது பரிசலை நிறுத்துவதைப்போல்தான் அதுவும். ஆனால் திறந்திருக்கும் நாட்களில் பெருந்தீங்கு வருவது காய்ச்சலை மறைத்துக்கொண்டு துடுப்புப் போடும் பரிசலோட்டியால். அவர் ஏன் மறைக்கிறார்? ஒருநாள் கரையில் உட்கார்ந்தால் அன்று வீட்டில் உலை வைக்க வழியில்லை. உடலின் சூட்டை அளக்கும் கருவியை நெற்றிக்கு நேரே காட்டி அவரைப் பிடித்துவிடலாம் என்று எண்ணுவது வீண். நோய் வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அவர் பிறருக்கு அதைத் தரக்கூடும். தெரிந்த பிறகாவது அவர் தாமே சொல்ல வேண்டுமானால், சொல்வதனால் கூலி போகாது என்ற உறுதி அவருக்கு இருத்தல் வேண்டும்.

இதற்குப் பஞ்சாயத்து செய்யத்தக்கது எளிது. சவாரி ஒன்றுக்குப் பத்து ரூபாய் வீதம் தனியே ஒதுக்கி, தபால் நிலையத்திலோ கூட்டுறவு வங்கியிலோ கணக்குத் தொடங்கிச் சேர்க்கலாம். நாளொன்றுக்கு நூறு சவாரி நடக்கும் துறையில் மாதத்துக்கு 30,000 ரூபாய் சேரும். காய்ச்சல் கண்ட பரிசலோட்டிக்கு நாளுக்கு 600 ரூபாய் என ஏழு நாளைக்கு 4,200 ரூபாய் கொடுத்தால், மாதத்தில் ஏழு பேரைக் கரையில் உட்கார வைக்கப் பணம் போதும். நோயில்லாத மாதங்களிற் சேர்வது அங்கி வாங்க உதவும். கணக்குப் புத்தகம் பரிசலோட்டிகளுள் ஒருவரிடமே இருக்கட்டும். பஞ்சாயத்துத் தலைவர் மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட்டாற் போதுமானது.